ஹோஸ்டுக்குத் திருத்தம் போட்ட பிறகு கெஸ்டுகளிலும் போட வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: லினக்ஸின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம் இயங்கும் ஹோஸ்ட் (உண்மையான கணினி) ஒன்றில் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளை, அதாவது கெஸ்டுகளை, ஓட்டுகிறீர்கள். செயலிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை, செயலியின் உள்நிரலான மைக்ரோகோடும் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் சேர்த்து, ஹோஸ்டில் நிறுவி மீளத் துவக்கினீர்கள். கெஸ்டுகளுக்குள் எதையும் தொடவில்லை. ஆனாலும் கணக்கீடு மிகுந்த இரண்டு கெஸ்டுகள் மந்தமாகிவிட்டன. வேறொரு கெஸ்ட், மைக்ரோகோடு இல்லை என்று இன்னமும் அறிவிக்கிறது. ஹோஸ்ட் பாதுகாப்பாகிவிட்டதால் கெஸ்டுகளில் தடுப்புகளை (குறைபாடுகளைச் சுரண்டவிடாத அமைப்புகளை) அணைத்து வேகத்தை மீட்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். இவை மூன்று தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஒவ்வொரு திருத்தமும் யாரிடமிருந்து யாரைக் காக்கிறது? அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே பிரிந்து நிற்கும். பல ஆண்டுகளாக மெய்நிகராக்க வழங்கிகளைப் பராமரிப்பதே என் வேலை. பெரும்பாலும் கேவிஎம்மில் பழகியவன் என்பதால், மற்ற ஹைப்பர்வைசர்களை (மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருள்களை) பற்றி இங்கே சொல்பவற்றை அந்தந்த நிறுவனத்தின் ஆவணத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய இரண்டு செயலிக் குறைபாடுகளும் வெளியானபோதே இந்தக் குழப்பம் தொடங்கிவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மெய்நிகராக்கத்தைப் பொறுத்தவரை அவை வெவ்வேறு சுவர்களை உடைப்பவை. மெல்ட்டவுன், ஒரு சாதாரண நிரலை அது ஓடும் கெர்னலின் நினைவகத்தைப் படிக்கவிடுகிறது. கேவிஎம்மில் கெஸ்ட் என்பது வன்பொருளின் உதவியோடு தனி முகவரி வெளிக்குள் இயங்குவதால், கெஸ்டுக்குள்ளிருக்கும் நிரல் மெல்ட்டவுனைக் கொண்டு அந்தக் கெஸ்டின் கெர்னலைத்தான் படிக்க முடியும். ஹோஸ்டை எட்ட முடியாது. ஆகவே, ஹோஸ்டில், நினைவக முகவரிகளை மொழிபெயர்க்கும் பக்க அட்டவணைகளைக் கெர்னலுக்கும் நிரல்களுக்கும் எனப் பிரித்து வைக்கும் கேபிடிஐ என்னும் தடுப்பு இருந்தாலும் அது கெஸ்டின் கெர்னலைக் காக்காது. கெஸ்ட் தன் கெர்னலைத் தானே திருத்திக்கொண்டாக வேண்டும். ஜென் ஹைப்பர்வைசரின் 64 பிட் பாராவர்ச்சுவல் கெஸ்டுகள் (ஹைப்பர்வைசரோடு ஒத்துழைக்கும்படி மாற்றப்பட்டவை) இதற்கு விதிவிலக்கு: அங்கே கெஸ்டும் ஹைப்பர்வைசரும் ஒரே பக்க அட்டவணைக்குள் இருந்ததால் கெஸ்டிலிருந்து ஹைப்பர்வைசரையே படிக்க முடிந்தது, தனித் திருத்தமும் தேவைப்பட்டது. ஏஎம்டி செயலிகளை மெல்ட்டவுன் பாதிப்பதில்லை.

ஸ்பெக்டரின் இரண்டாம் வகையோ, நிரல் அடுத்து எங்கே தாவும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் கிளை ஊகிப்பான் என்னும் செயலிப் பகுதியைத் தவறாகப் பழக்கி, அடுத்தவர் நிரலை ஊகத்தில் தவறான இடத்துக்குத் தாவச் செய்கிறது. கிளை ஊகிப்பான் பொதுச் சொத்து. ஒரு கெஸ்ட் பழக்கியது ஹோஸ்டின் கெர்னலையும் அடுத்து செயலியின் அதே கருவில் (கோரில்) ஓடும் இன்னொரு கெஸ்டையும் பாதிக்கக்கூடும். இதற்குத் தீர்வாக ரெட்போலின் என்னும் கம்பைலர் உத்தியும், ஐபிஆர்எஸ், ஐபிபிபி, எஸ்டிஐபிபி என்னும் புதிய கட்டுப்பாடுகளும் வந்தன. இந்தக் கட்டுப்பாடுகள் மைக்ரோகோடு வழியாகத்தான் செயலிக்குள் வருகின்றன. கெஸ்ட் அவற்றைப் பயன்படுத்த வேண்டுமானால், அவை இருக்கின்றன என்பதை ஹைப்பர்வைசர் கெஸ்டுக்குக் காட்ட வேண்டும். உங்கள் மூன்றாவது கெஸ்டின் புகாருக்கான விடை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கிடக்கிறது.

ஒரு கெஸ்டுக்குச் செயலி நேரடியாகத் தெரிவதில்லை. சிபியூஐடி என்னும் கட்டளையால் செயலியின் திறன்களைக் கேட்கும்போது பதில் சொல்வது ஹைப்பர்வைசர். கெஸ்ட் தானாக மைக்ரோகோடு ஏற்ற முயன்றால் அந்த எழுத்தை ஹைப்பர்வைசர் கண்டுகொள்ளாது. கெஸ்டுக்குள் தெரியும் மைக்ரோகோடு எண்ணும் பல சமயம் ஹைப்பர்வைசர் இட்டுக்கட்டிய எண்தான். எனவே கெஸ்டுக்குள் மைக்ரோகோடுப் பொதியை நிறுவுவதால் பயனில்லை. மைக்ரோகோடு ஹோஸ்டில், ஃபர்ம்வேர் வழியாகவோ துவக்கத்தின் தொடக்கத்திலேயே கெர்னல் வழியாகவோ ஏற வேண்டும். மின்சாரம் போனால் அது அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு துவக்கத்திலும் மறுபடி ஏற வேண்டும். அதன் பின் ஹோஸ்டின் கெர்னல் புதிய திறனை அறிய வேண்டும், கெஸ்டின் சாதனங்களைப் போலிசெய்து அதை ஹோஸ்டில் ஓட்டும் கியூஎமு நிரல் அதை அறிய வேண்டும், மெய்நிகர் கணினியின் வரையறையில் உள்ள செயலி மாதிரி அதை அனுமதிக்க வேண்டும், கடைசியாகக் கெஸ்டின் கெர்னல் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கெஸ்டுக்குத் திறன் போய்ச் சேராது.

இதில் மிகுதியாகத் தவறுவது எது என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 2019 மே 14 அன்று செயலியின் உள் இடையகங்களிலிருந்து தரவைக் கசியவிடும் எம்டிஎஸ் குறைபாடுகள் வெளியானபோது நான் பார்த்துக்கொண்டிருந்த ஹோஸ்டுகளில் மைக்ரோகோடு, கெர்னல், கியூஎமு என அனைத்தையும் ஒழுங்காகப் புதுப்பித்தோம். இயங்கிக்கொண்டிருந்த கெஸ்டுகளை நிறுத்த மனமில்லாமல், ஒவ்வொரு ஹோஸ்டிலிருந்தும் அவற்றை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தி, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்தோம். பிறகு கெஸ்டுகளுக்குள் நுழைந்து மீளத் துவக்கினோம். அப்படியும் கெஸ்டுகள் அனைத்தும் மைக்ரோகோடு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தன. அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் விளங்கியது. கெஸ்டுக்குள்ளிருந்து மீளத் துவக்கும்போது ஹோஸ்டில் ஓடும் கியூஎமு செயல்முறை சாவதில்லை; கெஸ்டுக்கு அது முதன்முதலில் காட்டிய செயலியின் உருவமே தொடர்கிறது. நகர்த்தும்போதும் அந்தப் பழைய உருவம் கூடவே போகிறது. கெஸ்டை முழுவதும் நிறுத்தி, ஹோஸ்டிலிருந்து மறுபடி தொடங்கினால்தான் புதிய திறன்கள் தெரியும். உங்கள் கெஸ்டின் கியூஎமு செயல்முறை எந்தத் தேதியில் தொடங்கியது என்று முதலில் பாருங்கள். ஹோஸ்டின் துவக்கத்துக்குப் பிறகு அந்தக் கெஸ்ட், சேமித்து வைத்த நிலையிலிருந்து மீட்கப்பட்டிருந்தால் அதுவும் பழைய உருவத்தோடுதான் எழுந்திருக்கும்.

அது சரியாக இருந்தால், வரையறையில் செயலி மாதிரி என்னவென்று பாருங்கள். ஹோஸ்டின் செயலியை அப்படியே காட்டும் அமைப்பு இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஏதோ ஒரு பழைய மாதிரியின் பெயரை எழுதி வைத்திருந்தால், அந்த மாதிரி வரையறுக்கப்பட்ட காலத்தில் இந்தத் திறன்களே இல்லை. அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது பிசிஐடி என்னும் திறனையும் கவனியுங்கள். இது பாதுகாப்புத் திறன் அன்று, ஆனால் கேபிடிஐயின் சுமையைக் குறைப்பது இதுதான். கியூஎமுவின் வெஸ்ட்மியர், சாண்டிபிரிட்ஜ், ஐவிபிரிட்ஜ் மாதிரிகளில் பிசிஐடி இயல்பாக இடம்பெறுவதில்லை. ஹாஸ்வெல் முதலான மாதிரிகளில் இருக்கிறது.

பிசிஐடியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேபிடிஐ இருக்கும் கெர்னலில் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (நிரல் கெர்னலை உதவிக்கு அழைப்பதற்கும்) பக்க அட்டவணை இருமுறை மாறுகிறது. பிசிஐடி இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றத்திலும் டிஎல்பி என்னும் சிறு சேமிப்பில் உள்ள முகவரி மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் வீணாகின்றன. மெய்நிகராக்கம் இல்லாத வெறும் கணினியில் விடுபட்ட ஒரு மொழிபெயர்ப்பை மீட்க நான்கு நிலை அட்டவணையில் நான்கு முறை நினைவகத்தைப் பார்த்தால் போதும். கெஸ்டிலோ அவ்வளவில் முடியாது. கெஸ்டின் அட்டவணையின் ஒவ்வொரு படியையும் ஹோஸ்டின் இரண்டாம் அடுக்கு அட்டவணை வழியாக மறுபடி மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால், இரண்டும் நான்கு நிலைகளாக இருக்கும்போது மிக மோசமான நிலையில் 24 முறை பார்க்க நேரிடும். ஒரே திருத்தம் வெறும் கணினியில் மெல்லிய சுமையாகவும் கெஸ்டில் கண்ணில் படும் சுமையாகவும் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இரண்டாம் அடுக்கு அட்டவணையை வன்பொருளில் தராத மிகப் பழைய செயலிகளில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே கெஸ்ட் ஒவ்வொரு முறை அட்டவணையை மாற்றும்போதும் ஹைப்பர்வைசர் குறுக்கிட வேண்டியிருக்கும்.

எல்1டிஎஃப் குறைபாட்டைத் தனியே விளக்க விரும்புகிறேன். ஹோஸ்டைத் திருத்துவதைக் கெஸ்டின் பொறுப்பில் விட முடியாது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2018 ஆகஸ்ட் 14 அன்று வெளியான இந்தக் குறைபாட்டால், பாதிக்கப்பட்ட இன்டெல் செயலிகளில், பக்க அட்டவணையில் ஒரு பதிவு செல்லாதது என்று குறிக்கப்பட்டிருந்தாலும், அதிலுள்ள முகவரியைச் செயலி ஊகத்தில் பயன்படுத்தி, அந்தத் தரவு எல்1 கேஷ் என்னும் செயலியின் உள் வேகச் சேமிப்பில் இருந்தால் எடுத்துவிடுகிறது. கெஸ்டுக்குள் இது நடக்கும்போது இரண்டாம் அடுக்கு மொழிபெயர்ப்பே நடப்பதில்லை. கெஸ்ட் எழுதிய முகவரி நேராக ஹோஸ்டின் உண்மையான நினைவக முகவரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கெஸ்டின் பக்க அட்டவணையை எழுதுவது கெஸ்டின் கெர்னல். கெட்ட எண்ணத்தோடு இயங்கும் கெஸ்ட் தன் கெர்னலைத் தானே எழுதிக்கொள்ளலாம். அதனால் நல்ல கெஸ்டுகளுக்குள் எத்தனை திருத்தம் போட்டாலும், கெட்ட கெஸ்டிடமிருந்து அவற்றைக் காப்பது ஹோஸ்ட் மட்டுமே. கெஸ்டுக்குள் நுழைவதற்கு முன் எல்1 தரவுக் கேஷைக் கழுவிவிடுவது கேவிஎம்மின் வழி. இயல்பான அமைப்பில், இரகசியத் தரவைத் தொட்டிருக்கக்கூடிய வேலைகளுக்குப் பிறகு மட்டும் கழுவுகிறது. எப்போதும் கழுவச் சொல்லவும் முடியும்.

ஆனால் கழுவுவது பாதிக் காவல்தான். ஒரு கருவை இரண்டு இழைகளாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங் இயங்கும்போது அந்த இரண்டு இழைகளும் ஒரே எல்1 கேஷைப் பகிர்கின்றன. ஓர் இழை கழுவிவிட்டு உள்ளே நுழைந்த மறுகணமே, பக்கத்து இழையில் ஓடும் வேறொரு கெஸ்டோ ஹோஸ்டோ புதிய தரவை அதே கேஷுக்குள் கொண்டுவரலாம். ஹைப்பர்திரெடிங்கை அணைப்பது, அல்லது ஒரு கருவின் இரு இழைகளையும் ஒரே கெஸ்டுக்கு மட்டும் ஒதுக்குவது என இரண்டு வழிகள்தான் இதற்கு உண்டு. இரண்டாவதை லினக்ஸ் கெர்னல் 2021இல் வந்த 5.14 பதிப்பிலிருந்து கோர் ஷெட்யூலிங் என்ற பெயரில் தருகிறது. அதை நாமாகத்தான் அமைக்க வேண்டும், தானாக இயங்காது. ஹைப்பர்வி, ஈஎஸ்எக்ஸ்ஐ ஆகிய ஹைப்பர்வைசர்களிலும் இதற்கெனத் தனி ஷெட்யூலர்கள் உள்ளன. உங்கள் பன்னிரண்டு கெஸ்டுகளும் ஒரே குழுவுக்குச் சொந்தமானவை என்றால் இதைப் பற்றி நிதானமாக முடிவெடுக்கலாம். வாடிக்கையாளர்களுக்கு வாடகைக்கு விட்டவை என்றால், பாதிப்புள்ள இன்டெல் செயலியில் ஹைப்பர்திரெடிங்கை இயல்பான நிலையில் விட்டுவைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இப்போது மந்தமான இரண்டு கெஸ்டுகள். கெஸ்டைத் தொடாமலே அது மந்தமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஹோஸ்டின் தடுப்புகள் கெஸ்டுக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் விலையேற்றுவது. வலைப்பின்னல், வட்டு எனச் சாதனங்களோடு அடிக்கடி பேசும் கெஸ்டுகள் அடிக்கடி ஹோஸ்டுக்குள் வந்து போவதால் அவற்றையே இது பாதிக்கும். 2025 செப்டம்பரில் வெளியான விஎம்ஸ்கேப் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கெஸ்டுக்குள்ளிருந்து ஹோஸ்டில் ஓடும் கியூஎமு செயல்முறையின் கிளை ஊகிப்பைக் கெடுக்க முடியும் என்று காட்டியது அது. கெஸ்டிலிருந்து வெளியேறிக் கியூஎமுவுக்குத் திரும்பும்போது கிளை ஊகிப்பானைத் துடைப்பதே திருத்தம். சாதனங்களைக் கெர்னலிலேயே கையாளும் அமைப்புகளுக்கு இதன் சுமை மிகக் குறைவு. எல்லாவற்றையும் கியூஎமுவிலேயே போலிசெய்யும் அமைப்புகளுக்குக் கூடுதல்.

ஆனால் உங்களுடையவை கணக்கீடு மிகுந்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் எனக்கு இரண்டாம் வழியின் மீதுதான் ஐயம்: மைக்ரோகோடே செயலியின் நடத்தையை மாற்றிவிடுவது. 2023 ஆகஸ்டில் வெளியான டவுன்ஃபால் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சிதறிக் கிடக்கும் தரவுகளை ஒரே கட்டளையில் திரட்டும் கேதர் கட்டளைகளின் குறைபாடு அது. ஸ்கைலேக் முதல் டைகர்லேக், ஐஸ்லேக் வரையிலான இன்டெல் செயலிகளைத் தொடுகிறது. புதிய மைக்ரோகோடு ஏறியவுடன் தடுப்பு இயல்பாகவே இயங்கத் தொடங்கிவிடும். கெஸ்டின் கெர்னல் பழையதா புதியதா என்பது பொருட்டே இல்லை. கெஸ்டால் அதை அணைக்கவும் முடியாது. கேதர் கட்டளைகளை மிகுதியாகப் பயன்படுத்தும் சில வேலைகளில் 50 விழுக்காடு வரை வேகம் குறையலாம் என்று இன்டெல்லே சொன்னது. பெரும்பாலான வேலைகளில் மாற்றம் தெரியாது. உங்கள் செயலி எந்தத் தலைமுறை என்று நீங்கள் சொல்லாததால் இதை ஐயமாகவே வைக்கிறேன், உறுதியாகச் சொல்லவில்லை. ஹோஸ்டில் சிஸ் அடைவுக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ, வல்னரபிலிட்டீஸ் என்று இறங்கினால் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு கோப்பு இருக்கும். கேதர் பற்றிய கோப்பு தடுப்பு இயங்குவதாகச் சொன்னால் ஐயம் வலுப்பெறும். அந்த இரு கெஸ்டுகளில் ஓடும் எண்கணித நூலகங்கள் கேதர் கட்டளைகளை உள்ளடக்கிய ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் பயன்படுத்துகின்றனவா என்பது அடுத்த சான்று.

இதே கோப்புகளைக் கெஸ்டுக்குள் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். அங்கே காண்பது உண்மை நிலையன்று, கெஸ்ட் தனக்குக் காட்டப்பட்டதை வைத்து நம்புவது மட்டுமே. கேதர் பற்றிய கோப்பு ஹைப்பர்வைசரைப் பொறுத்தது என்று கைவிரித்துவிடும். எம்டிஎஸ் பற்றிய கோப்பு, ஹோஸ்டில் ஹைப்பர்திரெடிங் நிலை தெரியவில்லை என்று சொல்லும். கெஸ்டுக்குக் காட்டப்படும் கருக்களின் அமைப்பே கற்பனையானது என்பதால் அது நேர்மையான பதில்தான். மைக்ரோகோடு இல்லை, இருந்தாலும் செயலியின் இடையகங்களைத் துடைக்க முயல்கிறேன் என்ற பதிலும் வரும். ஹோஸ்டில் மைக்ரோகோடு இருந்தும் ஹைப்பர்வைசர் அதைக் காட்டாமல் விட்டிருக்கலாம் என்று எண்ணி, பயன்படலாம் என்ற நம்பிக்கையில் லினக்ஸ் அப்படிச் செய்கிறது. உங்கள் மூன்றாவது கெஸ்ட் இதைத்தான் சொல்கிறது என்றால், அது உண்மையில் காக்கப்பட்டே இருக்கக்கூடும். ஆனாலும் அதை அப்படியே விடாமல் நான் மேலே சொன்ன சங்கிலியைச் சரிசெய்யுங்கள், ஏனெனில் ஐபிபிபி போன்ற கட்டுப்பாடுகளை அந்தக் கெஸ்ட் முயன்றுகூடப் பார்க்காது.

இன்னொரு ஹோஸ்டும் வைத்திருந்து கெஸ்டுகளை இடம் மாற்றுவீர்கள் என்றால், இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். புதிய கட்டுப்பாடுகளைக் கண்டுகொண்ட கெஸ்டை, அவை இல்லாத ஹோஸ்டுக்கு நகர்த்த முடியாது. நகர்ந்தால் கெஸ்ட் இல்லாத பதிவேட்டில் எழுத முயன்று தடுமாறும் என்பதால் மேலாண்மைக் கருவி முன்கூட்டியே மறுத்துவிடும். அதேசமயம் எல்லா ஹோஸ்டுகளையும் ஒரே நாளில் புதுப்பிக்கவும் வேண்டாம். 2018 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட முதல் மைக்ரோகோடு, பிராட்வெல், ஹாஸ்வெல் உள்ளிட்ட செயலிகளில் எதிர்பாராத மீள்துவக்கங்களை உண்டாக்கியதால், 22ஆம் தேதி அதை நிறுவுவதை நிறுத்தச் சொன்னது. ஒன்றில் போட்டுச் சில நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதை அன்றிலிருந்து பழக்கமாக வைத்திருக்கிறேன்.

கடைசியாக, கெஸ்டுக்குள் தடுப்புகளை அணைக்கலாமா என்பது. ஹோஸ்டின் காவல் கெஸ்டின் ஒத்துழைப்பை நம்பி அமைந்ததன்று. ஆகவே ஒரு கெஸ்டில் தடுப்புகளை அணைப்பதால் ஹோஸ்டுக்கு ஆபத்து கூடுவதில்லை என்பது உறுதி. அந்தக் கெஸ்டுக்குள் உங்கள் சொந்த நிரல் ஒன்று மட்டும் ஓடுகிறது, அந்நியர் எழுதிய எதுவும் அங்கே இயங்காது என்றால், கெஸ்டின் கெர்னலைக் கெஸ்டின் நிரல்களிடமிருந்து காக்கும் தடுப்புகளை அணைப்பது ஏற்கத்தக்க முடிவு. உலாவி, பிறர் தரும் நிரல்களை ஓட்டும் சேவை, பலர் பகிரும் கன்டெய்னர்கள் இவற்றில் ஏதாவது இருந்தால் அணைக்கக் கூடாது. பக்கத்து கெஸ்டிலிருந்து வரும் ஆபத்து கூடுமா என்பதுதான் தெளிவற்ற இடம். ஒரே கருவில் கெஸ்டுகள் மாறிமாறி ஓடும்போது இடையில் கிளை ஊகிப்பானைத் துடைப்பது ஹோஸ்டின் வேலை, அது தொடரும். ஆனால் ஹைப்பர்திரெடிங் வழியாக இருவர் ஒரே கருவில் ஒரே நேரத்தில் ஓடும் நிலையில், கெஸ்டின் சொந்தத் தடுப்புகளும் ஓரளவு காவலாக நிற்கின்றன. எனவே கோர் ஷெட்யூலிங் இல்லாமல் அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹோஸ்டில் மட்டும் எந்த நிலையிலும் அணைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் இரு கெஸ்டுகளின் மந்தம் கேதர் கட்டளைகளால் வந்தது என்றால், கெஸ்டுக்குள் எதை அணைத்தாலும் வேகம் திரும்பாது. தடுப்பு இருப்பது மைக்ரோகோடில். அதனால் அணைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, இரண்டில் ஒன்றை எடுத்து, கேதர் கட்டளைகளைப் பயன்படுத்தாத வகையில் அதன் எண்கணித நூலகத்தை மாற்றி, அதே வேலையை முன்னும் பின்னுமாக அளந்து பாருங்கள். அளவுகளோடு செயலியின் தலைமுறையையும் எழுதினால், மீதியை அதிலிருந்து தொடர்கிறேன்.